ஊருக்குச் சொல்வதும் பெட்டியில் வைப்பதும்

மண்டைக்காட்டு மாசிக் கொடைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. பத்து நாள் திருவிழா. குமரி மாவட்டத்திலிருந்து மட்டுமல்ல, கேரளத்திலிருந்தும் பெண்கள் தலையில் இருமுடி தாங்கிச் சாரை சாரையாக வருவார்கள். 'பெண்களின் சபரிமலை' என்று அந்தத் தலத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஜன சமுத்திரம். புற்று வடிவில் எழுந்தருளியிருக்கும் பகவதி அம்மனைத் தரிசித்து, மண்டையப்பம் நிவேதனம் செய்துவிட்டு வெளியே வருவதற்குள், கையில் பிடித்திருந்த குழந்தை எங்கே என்று ஒரு முறையாவது தேடாத தாயார் அபூர்வம்.

இந்த மாதிரித் திருவிழாக்களில் ஒலிபெருக்கி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். காணாமற் போன குழந்தையை எங்கே வந்து பெற்றுக் கொள்ளலாம், குடி தண்ணீர் எங்கே, வைத்திய உதவி எங்கே, பஸ்கள் எந்தத் திக்கில் நிற்கின்றன, கடலில் ஏன் இறங்கக் கூடாது என்றெல்லாம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? உண்டியல் பணம் எத்தனை மணிக்கு, எந்த வழியாக, எத்தனை காவலர் துணையோடு பாங்கிக்குப் போகிறது என்பதை எந்தத் திருவிழா ஒலிபெருக்கியும் சொல்வதில்லை. நகைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சொல்வதில்லை. சொல்லவில்லையே என்று எந்தப் பக்தையும் குறைப்பட்டுக் கொள்வதும் இல்லை. அதே சமயம், "பாதுகாப்பை உத்தேசித்து, காணாமற் போன குழந்தைகளை வைத்திருக்கும் இடம் ரகசியமாக வைக்கப்பட்டிருக்கிறது" என்று யாராவது அறிவித்துப் பார்க்கட்டும்! தாய்மார்கள் பந்தலையே பிய்த்துவிட மாட்டார்களா?

ஊருக்குச் சொல்ல வேண்டியது எது, பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியது எது என்ற இந்தப் பாகுபாடு திருவிழாக் கமிட்டிக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய பெரிய இலாகாக்களுக்குத்தான் சில சமயம் மறந்து போகிறது. இந்த வாரம் நாம் பேசப் போகும் விஷயம், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அவசர காலத் திட்டம். அதில் எதைப் பகிரங்கமாக்குவது, எதை மறைப்பது?

"கூடங்குளம் எங்கே கிடக்கு, மண்டைக்காடு எங்கே கிடக்கு! நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். காகம் பறக்கிற கணக்கில் அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே 50 கிலோ மீட்டருக்குள்தான் வரும். கன்னியாகுமரி இன்னும் பக்கம்; சுமார் 20 கிலோ மீட்டர். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. அங்கே பிடித்த மீன் இங்கே சந்தைக்கு வரும். ஆகவே இது அடுத்த வீட்டுச் சமாசாரந்தான்.

அணு என்ற சொல் இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. மண்டைக்காட்டை அடுத்த மணவாளக்குறிச்சியின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதில் தோரியம் இருக்கிறது. மணல் ஆலையின் மதிலைப் பார்த்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இந்தக் கரை ஜனங்கள். அணு சம்பந்தப்பட்ட இடத்தில் கேள்வி கேட்டால் எளிதில் பதில் வராது என்பதும் அவர்களுக்குப் பழகிப் போன விஷயம். 1962-இல் வந்த அணுசக்திச் சட்டத்திலேயே, தகவல்களை வெளியிடாமல் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள்.

திட்டம் என்றால் என்ன?

கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் சக்தியுள்ள முதல் உலை 2014 டிசம்பர் 31-ஆம் தேதியும், அதே அளவுள்ள இரண்டாவது உலை 2017 மார்ச் 31-ஆம் தேதியும் வர்த்தக ரீதியில் மின்சாரம் தர ஆரம்பித்தன. விபத்து நேரக் கூடாது என்பதற்காக எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. அவற்றையும் மீறி நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அவசர காலத் திட்டம்.

அதில் இரண்டு பாகம். வேலிக்கு உள்ளே நடக்க வேண்டியதை நிலைய நிர்வாகம் பார்த்துக் கொள்ளும். வேலிக்கு வெளியே நடக்க வேண்டியதற்கு ஜில்லா கலெக்டர் பொறுப்பு. நிலையத்தைச் சுற்றி 16 கிலோ மீட்டர், அதாவது சுமார் 10 மைல், அவசர காலத் திட்டப் பகுதி என்று வகுத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது இந்த வெளிப் பாகந்தான்.

அப்படி என்னதான் அதில் இருக்கும் என்று கேட்கிறீர்களா? பாதிக்கு மேல் நம்முடைய அடுக்களைச் சமாசாரம். அறிவிப்பு வந்ததும் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னல்களைச் சாத்த வேண்டும். முற்றத்தில் காயும் வற்றலையும் கருவாட்டையும் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. திறந்து கிடந்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கிணற்றை மூட வேண்டும். மாடு வெளியே மேய்ந்திருந்தால், பரிசோதனை முடிந்து சொல்கிற வரையில் அதன் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. வெளியேற வேண்டுமென்று உத்தரவு வந்தால் எந்தச் சாலையில், எந்த இடத்தில் பஸ் ஏறுவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது என்பதெல்லாம் அடுத்தபடி.

அயோடின் மாத்திரை என்று ஒன்று உண்டு. கதிரியக்க அயோடின் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேராமல் அது தடுக்கும். மற்ற எதையும் தடுக்காது. சொன்ன நேரத்தில் சொன்ன அளவில் சாப்பிட்டால்தான் பலன். சமையல் உப்பில் இருக்கும் அயோடின் இதற்கு ஈடாகாது. 2011 மார்ச் மாதத்தில் ஜப்பானில் விபத்து நேர்ந்தபோது, சீனாவில் ஜனங்கள் கடை கடையாக உப்பை வாரிக்கொண்டு போனார்கள். உப்பு தீர்ந்ததுதான் மிச்சம்! முன்னமே சொல்லி வைத்திருந்தால் அந்த அமளி ஏற்பட்டிருக்குமா?

சொல்லாததன் விலை

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் இரண்டு பெரிய உதாரணங்களை வைத்திருக்கிறது.

1986 ஏப்ரல் 26-ஆம் தேதி பின்னிரவில், அன்றைய சோவியத் யூனியனில் இருந்த செர்னோபில் உலை வெடித்தது. பக்கத்து நகரமான பிரிப்யாத்தின் ஜனங்களை மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றினார்கள். நடுவே ஒரு முழுப் பகல் போயிற்று. அன்று குழந்தைகள் தெருவில் விளையாடினார்கள். சில நாள் கழித்து, கீவ் நகரத்தில் மே தின ஊர்வலம் வழக்கம் போல் நடந்தது.

மற்றொன்று புகுஷிமா. 2011 மார்ச் 11-ஆம் தேதி பூகம்பமும் கடற்கோளும் வந்து உலைகள் கெட்டன. காற்று எந்தப் பக்கம் கதிரியக்கத்தைக் கொண்டு போகும் என்று கணக்கிடும் யந்திர ஏற்பாடு ஜப்பானியரிடம் இருந்தது. அது கணக்குப் போட்டது. ஆனால் கணக்கு ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. நமியே என்ற ஊர்க்காரர்கள், தூரத்தில் இருப்பது நல்லது என்று எண்ணித் தங்கள் ஊரின் சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். காற்று வீசியதும் அந்தத் திக்கில்தான்! கணக்கை வெளியிட்டது மார்ச் 23-ஆம் தேதி. அதற்குள் அவர்கள் அங்கிருந்தும் வேறிடம் போய்விட்டார்கள். கையில் விடை இருந்தும் உரியவர் காதில் போடாததுதான் அங்கே நேர்ந்த கொடுமை.

ஜப்பான் வரைக்கும் போவானேன்? நம் கரையையே பாருங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் குளச்சலிலும் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரையிலும் சுனாமி வாரிக்கொண்டு போன உயிர்களை யார் மறக்க முடியும்? கடல் உள் வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற ஒரு வரி பல பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாலு நாள் கழித்து, டிசம்பர் 30-ஆம் தேதி, மறுபடியும் சுனாமி வரலாம் என்று டில்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. கரை நெடுக ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அலை வரவில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோதோ, ஆழ்கடலுக்கு முன்னமே போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை.

ஒரு தடவை எச்சரிக்கையே இல்லை. ஒரு தடவை வீண் எச்சரிக்கை. ஒரு தடவை எட்டாத எச்சரிக்கை. இந்த மூன்றையும் பார்த்த ஜனங்களிடம் போய், "திட்டம் இருக்கிறது, ஆனால் அது ரகசியம்" என்று சொன்னால் அவர்கள் மனம் சமாதானம் அடையுமா?

சொல்லக் கூடாததைச் சொன்னால்?

சரி, அப்படியானால் திட்டம் முழுவதையும் அச்சடித்துத் தெருவெல்லாம் ஒட்டிவிடலாமா? அதுவும் தப்பு.

திருடன் ஒரு வீட்டைக் கண்ணம் வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் வந்து விசாரிப்பதில்லை. பால்காரரை நாலு நாள் வேண்டாம் என்று நிறுத்தினார்களா, வாசலில் பத்திரிகை எடுக்காமல் கிடக்கிறதா, பாட்டி மட்டும் இருக்கிறாளா என்று துண்டு துண்டாகச் சேர்க்கிறான். ஒவ்வொரு துண்டும் அற்பம். சேர்த்தால் முழுப் படம்.

கூடங்குளத்திலேயே 2019-இல் ஒரு சம்பவம் நடந்தது. அணுமின் கழகத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் தகவல் திருடும் கெடு மென்பொருள் புகுந்துவிட்டது. அது நிர்வாகக் காரியங்களுக்காக இணையத்தோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர். உலையை இயக்கும் யந்திரங்கள் தனி. அவற்றுக்குப் பாதிப்பு இல்லை என்று கழகம் அறிவித்தது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே இதைக் கழகத்துக்குத் தெரிவித்திருந்தது. ஆனால் அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் வந்த அறிக்கை, அப்படித் தாக்குதல் நடக்கவே வழியில்லை என்றது. மறுநாள் 30-ஆம் தேதி கழகம் ஒப்புக்கொண்டது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. உலையைத் தொட முடியாதவனும் ஆபீஸ் காகிதத்தைத் தேடி வருவான் என்பது ஒன்று. ஆகையால் அற்பக் காகிதம் என்று எதையும் அலட்சியமாகப் போட்டு வைக்கக் கூடாது. இன்று இல்லை என்று சொல்லிவிட்டு நாளை ஆமாம் என்று சொன்னால், பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளிராது என்பது மற்றொன்று.

அவசர காலத் திட்டத்தில் அப்படிப்பட்ட காகிதங்கள் என்னென்ன? காவலர்கள் நிற்கும் இடமும் அவர்கள் மாறும் நேரமும். உள்வாசல்கள், சாவிகள், சங்கேத வார்த்தைகள். மின்சாரம் நின்றால் உதவும் மாற்று யந்திரங்கள் வளாகத்தில் சரியாக எந்த மூலையில் இருக்கின்றன என்ற படம். எந்த ஏற்பாடு இன்னும் பலவீனமாக இருக்கிறது என்ற உள்ளாய்வுக் குறிப்பு. இவை நமக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. பொல்லாதவனுக்குத் தெரிந்தால் ஆபத்து. பலவீனத்தை மட்டும் மறைத்தால் போதாது; அதைச் சீர்படுத்தினார்களா என்று கேட்டு வாங்க ஒரு மேல் அதிகாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு, சோம்பேறித்தனத்துக்குத் திரையாகிவிடும்.

பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பட்டியல் ஒன்று இருக்கிறது. ஊரில் தனியாக இருக்கும் மூதாட்டிகள் யார், நடக்க முடியாதவர்கள் யார், கர்ப்பிணிகள் எந்தெந்த வீட்டில் என்ற கணக்கு. மீட்க வருகிறவர்களுக்கு இது அத்தியாவசியம். இது இல்லாமல் பஸ் வந்து நின்றும் பிரயோஜனம் இல்லை. ஆனால் இதே பட்டியல் வெளியே பரவினால்? தனியாக இருக்கும் ஒரு கிழவியின் வீட்டு வாசலை உலகத்துக்கே அடையாளம் காட்டியதாக ஆகும். கிராம நிர்வாக அலுவலரிடமும் சுகாதார நர்ஸிடமும் இருக்க வேண்டிய காகிதம் அது.

டெலிபோன் எண்களும் அப்படியே. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் எழுத வேண்டும். இத்தகைய திட்டங்களில் உதவிக்கு ஓடி வரும் தொண்டர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் பக்கம் பக்கமாக இடம் பெறுவது வழக்கம். அவர்களில் பெண்களும் உண்டு. நல்ல காரியத்துக்குப் பெயர் கொடுத்த பெண்ணுக்கு, அகாலத்தில் வேண்டாத அழைப்பு வந்தால் அடுத்த தடவை அவள் பெயர் கொடுப்பாளா? ஆளின் எண்ணுக்குப் பதிலாக ஆபீஸின் எண்ணைப் போட்டால் தீர்ந்தது. மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்று பொது எண்கள் இருக்கின்றன. உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போனாலும் ஆபீஸ் எண் மாறாது. ரகசியமும் காப்பாற்றப்படும், உதவியும் கிடைக்கும்.

சல்லடையின் கண்

எதைச் சொல்வது, எதைப் பூட்டுவது என்று பிரிக்க ஒரு சல்லடை வேண்டும். திட்டத்தின் ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வரி தெரியாவிட்டால் ஒரு குடும்பத்துக்கு ஆபத்து உண்டா? இந்த வரி தெரிந்தால் ஒரு துஷ்டனுக்கு லாபம் உண்டா?

முதலாவதற்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்றால், அதை ஊர் முழுக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை எப்படி வரும், கதவைச் சாத்து, மாத்திரை எப்போது என்பதெல்லாம் அந்த ரகம். முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆம்' என்றால் பூட்டுங்கள். காவலர் நேரம் அந்த ரகம்.

கஷ்டமெல்லாம் இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வரும் வரிகளில்தான். ஜனங்கள் வெளியேறும் சாலை, கூடும் இடம், தங்கும் பள்ளிக்கூடம் ஆகியவை நமக்கும் வேண்டும், கெட்டவனுக்கும் உதவக்கூடும். அங்கே என்ன செய்வது? ஜனங்களின் பக்கம்தான் தராசு சாய வேண்டும். ஏனென்றால் தெரியாத சாலையில் ஒருவரும் போக முடியாது. ஆயிரம் பேர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் மோதிக்கொள்வதைவிடப் பெரிய ஆபத்தைத் துஷ்டன் ஒருவன் வந்து செய்ய வேண்டியதில்லை. சாலையையும் கூடும் இடத்தையும் ஊருக்குச் சொல்லுங்கள். அங்கே காவல் எப்படி என்பதைப் பெட்டியில் வையுங்கள்.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், நாட்டின் பாதுகாப்புக்கும் ஒருவருடைய உயிருக்கும் ஊறு செய்யும் தகவலைத் தர வேண்டாம் என்கிறது. ஆனால் அதன் 10-ஆம் பிரிவு, மறைக்க வேண்டிய பகுதியைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தைக் கொடு என்கிறது. ஒரு கத்தரிக்காயில் ஒரு மூலை சொத்தை என்றால் அந்த மூலையை அரிந்து போட்டுவிட்டு மிச்சத்தைச் சமைக்கிறோமே, அதே நியாயந்தான். கூடையோடு கொட்டுவது குடித்தனக்காரியின் லட்சணம் அல்ல.

இந்த நியாயம் கூடங்குளத்து விஷயத்திலேயே சோதனைக்கு வந்தது. அணு உலை எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த சுப. உதயகுமார், நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டு மனுச் செய்தார். அணுமின் கழகம் மறுத்தது. விவகாரம் மத்திய தகவல் ஆணையத்துக்குப் போயிற்று. 2012 ஏப்ரல் மாதம் ஆணையர் சைலேஷ் காந்தி தீர்ப்புச் சொன்னார்: யந்திரம் கொடுத்தவர்களுக்குச் சொந்தமான வடிவமைப்பு நுணுக்கங்களை நீக்கிவிட்டு மற்றதைக் கொடுக்க வேண்டும். கழகம் அதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அந்த இயக்கத்தின் கருத்தை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் நம் வாசகர்களில் இருப்பார்கள். உலை வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வழக்கு. உலை வேண்டும் என்பவர் வீட்டிலும் குழந்தை உண்டு. வேண்டாம் என்பவர் வீட்டிலும் உண்டு. ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் போவது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2013 மே 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் கூடங்குளம் வழக்கில் தீர்ப்பு அளித்தது. நிலையம் இயங்கத் தடையில்லை என்றது. கூடவே பல நிபந்தனைகளும் விதித்தது. 2009-இல் வெளியான தேசியப் பேரிடர் மேலாண்மை வழிகாட்டு முறைகளை நிறைவேற்ற வேண்டும், நிலையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் குறித்த காலந்தோறும் அவசர ஒத்திகைகள் நடத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதற்கு முந்தைய வருஷம், 2012 ஜூன் 9-ஆம் தேதி, நக்கனேரி கிராமத்தில் அப்படி ஒரு வெளி ஒத்திகை நடந்தது. ஒத்திகை நல்லதுதான். ஆனால் வசனம் தெரியாமல் நாடக ஒத்திகை உண்டா? ஜனங்கள் கையில் திட்டத்தின் தங்கள் பகுதி இருந்தால்தான் ஒத்திகைக்கு அர்த்தம்.

ஒரு காலண்டர் போதும்

அமெரிக்காவில் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். 1979 மார்ச் 28-ஆம் தேதி திரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்த பிறகு, அணு நிலையத்தைச் சுற்றி 10 மைலுக்குள் இருப்பவர்களுக்கு வருஷந்தோறும் விவரம் தெரிவிக்க வேண்டுமென்று விதி செய்தார்கள். பல நிலையங்கள் அதை ஒரு காலண்டராகவே அச்சிட்டு அனுப்புகின்றன. சங்கு ஊதினால் எந்த ரேடியோவைக் கேட்பது, எந்தச் சாலை, எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் அதில் இருக்கும். காலண்டரை யாரும் அலமாரிக்குள் வைத்து மறப்பதில்லை அல்லவா?

2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த கோரத்துக்குப் பிறகு, அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அக்டோபரில் தன் இணையப் பக்கங்களை மூடிவிட்டு, சலித்துச் சலித்துத் திரும்ப வைத்தது. பெட்டியில் போக வேண்டியவை பெட்டிக்குள் போயின. வீட்டுக்கு வர வேண்டிய விவரம் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. 10 மைலுக்கு அப்பாலும், 50 மைல் வரையில், பால், காய்கறி, குடிநீர் இவற்றைக் கவனிப்பதற்காக அவர்கள் தனி வட்டம் வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் மண்டைக்காடு உள்ளே வரும். சந்தைக்குக் கூடை எடுத்துப் போகும் ஒவ்வொரு பெண்ணும் உள்ளே வருவாள்.

நம் ஊரில் தினசரி காலண்டர் மாட்டாத வீடு உண்டா? ராகு காலம், எமகண்டம் அச்சிட்ட தாளின் கீழே நாலு வரி இடம் கிடைக்காதா? தமிழிலே, பெரிய எழுத்திலே, படிக்கத் தெரியாதவருக்குப் படத்தோடு போட்டுக் கொடுத்தால் போதும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஒரு மாதக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டலாம். பஞ்சாயத்தின் கிராம சபையில் எழுந்து, "எங்கள் ஊருக்கான பக்கம் எங்கே?" என்று கேட்கலாம். கேட்கும்போது, "காவல் விவரம் எங்களுக்கு வேண்டாம், வழி விவரம் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்கிறவரிடம் 'பாதுகாப்பு' என்று சொல்லித் தட்டிக் கழிப்பது எந்த உத்தியோகஸ்தருக்கும் சுலபம் அல்ல.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. திட்டத்தை முதலிலேயே இரண்டு புத்தகமாக எழுதுங்கள்: ஒன்று ஊருக்கு, ஒன்று பெட்டிக்கு. ஒரே புத்தகமாக எழுதிவிட்டுப் பிறகு மை பூசி மறைப்பது தொல்லை. கம்ப்யூட்டர் பிரதியில் மேலே கறுப்புக் கட்டம் போட்டால் கீழே எழுத்து அப்படியே இருப்பதும், அதை எடுத்துவிடுவதும் சிறு பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. மறைக்க வேண்டியதை அடியோடு நீக்கிவிட்டுப் பிறகு வெளியிட வேண்டும். எதை நீக்கினோம், எந்தக் காரணத்தால் என்று ஒரு வரி எழுதி வைத்தால் சந்தேகமும் குறையும்.

நம் வீட்டுக்கு வருவோம். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். புயலோ வெள்ளமோ வேறு எதுவோ, திடீரென்று வெளியேற நேர்ந்தால் குடும்பத்தார் எங்கே கூடுவது, பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையை யார் அழைத்து வருவது, மாமியாரின் மருந்து எந்தப் பையில், டெலிபோன் வேலை செய்யாவிட்டால் எந்த உறவினர் வீடு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகட்டும்.

பீரோ சாவி இருக்கும் இடத்தையும், பாங்கி எண்ணையும், 'நாங்கள் ஊரில் இல்லை' என்ற சமாசாரத்தையும் அந்தத் தாளில் எழுத வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் தொண்டர் பட்டியலையும், ஒத்திகையின்போது காவலர் நிற்கும் படத்தையும் நாலு குழுவுக்குத் தட்டிவிடவும் வேண்டாம். சர்க்காரிடம் நாம் எதிர்பார்க்கிற விவேகம் முதலில் நம் கைவிரலில் இருக்கட்டும்.

தாளை ஒட்டி முடித்ததும் வீட்டிலுள்ள சின்னக் குழந்தையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "கண்ணு, திடீரென்று எல்லோரும் கிளம்பச் சொன்னால் நீ எங்கே போவாய்?" அது சரியான பதிலைச் சொல்லிவிட்டால் உங்கள் வீட்டுத் திட்டம் நல்ல திட்டம். சர்க்காரின் திட்டத்தையும் இதே கேள்வியால்தான் அளக்க வேண்டும்.